கை கழுவுறதுல 57 சதவீதத்துலயே நிக்குது. புரோகிராமை மாத்தணுமா?

கேள்வி

பையனுக்கு 6 வயசு, ஆட்டிசம். கை கழுவுறதை 7 படியாப் பிரிச்சிருக்கோம்: குழாயைத் திறக்கணும், கையை நனைக்கணும், சோப்பு எடுக்கணும், தேய்க்கணும், அலசணும், குழாயை மூடணும், துண்டுல துடைக்கணும். தினமும் ஒவ்வொரு படிக்கும் நோட்டுல டிக் இல்லைன்னா இன்ட்டு போடுறேன். முதல் ரெண்டு வாரத்துல 14-லேர்ந்து 57 சதவீதம் வந்தான். அடுத்த மூணு வாரமா அசையவே இல்லை, 7-க்கு 4-தான். தெரபி சென்டர்ல "பொறுமையா இருங்க"ங்கறாங்க. இதை விட்டுட்டு வேற ஸ்கில் எடுக்கட்டுமா? நோட்டைத் திறந்தாலே மனசு கனக்குது.

பதில் 1

விட்டுடாதீங்கம்மா. என் பொண்ணு சட்டை போடப் பழகினப்போ இப்படித்தான் நின்னுச்சு. காலையில நல்லாப் போடுவா, ஸ்கூல் விட்டு வந்தா கையே ஓடாது. ரெண்டையும் கூட்டி சராசரி போட்டதுல அது எங்க கண்ணுல படலை. எந்த நேரத்துல செஞ்சான்னும் எழுதுங்க.

பதில் 2

நான் ஸ்பெஷல் எஜுகேட்டர், 14 வருஷமா இந்த வேலையில இருக்கேன். மூணு வாரம் ஒரே இடத்துல நின்னா இனிமே பொறுமை போதாது, முறையை மாத்தணும். 1970-கள்ல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஸ்டான்லி டீனோ குழு ஆரம்பிச்ச அளவீட்டு முறையில ஒரு விதி உண்டு: கிராஃப்ல எதிர்பார்க்கிற முன்னேற்றக் கோட்டுக்குக் கீழே தொடர்ந்து 4 புள்ளி விழுந்தா, கத்துக்கொடுக்கிற விதத்தை மாத்தணும். அது வாசிப்பு, எழுத்து மாதிரி பாடங்களுக்காக வந்தது. நான் எல்லா ஸ்கில்லுக்கும் வச்சுக்கிறேன்.

ஆனா 57-ங்கிற எண்ணை வச்சு எதை மாத்தணும்னு தெரியாது. நோட்டை நாள் நாளாக் குறுக்க வாசிக்காம, ஒவ்வொரு படியா மேலேருந்து கீழே வாசிங்க. இன்ட்டு எந்தப் படியில திரும்பத் திரும்ப விழுது? அங்க நீங்க என்ன உதவி செய்யுறீங்க? டிக், இன்ட்டுக்குப் பதிலா "தானா", "சொல்லி", "தொட்டு", "கைபிடிச்சு"ன்னு எழுதுங்க. நாளோட முதல் தடவையை மட்டும் எழுதினாலே போதும், நீங்களும் மூச்சு விடலாம். ஒரு சமயத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. மாத்தின நாள்ல கிராஃப்ல ஒரு செங்குத்துக் கோடு போடுங்க, இல்லைன்னா எதனால ஏறுச்சுன்னு பிறகு யாருக்கும் தெரியாது.

கேட்டவர்

மேடம், நேத்து ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். மூணு வாரமும் இன்ட்டு 1, 4, 6-ல மட்டும்தான். 1-உம் 6-உம் குழாய்! எங்க வீட்டுத் திருகுக் குழாய் எனக்கே இறுக்கமா இருக்கும், அவன் பிஞ்சுக் கை என்ன பண்ணும்? 4-ல "தேய்டா"ன்னு நான் சொன்னாத்தான் தேய்க்கிறான்.

பதில் 2

முதல்ல குழாயை மாத்துங்க. தேய்க்கிறதை அப்புறம் பார்க்கலாம். வாய்ச்சொல்லை விலக்குறதுதான் இருக்கிறதுலயே கஷ்டம். அவனுக்குப் பின்னால நின்னு 3 விநாடி காத்திருங்க, தேவைன்னா முழங்கையை லேசாத் தொடுங்க. பேச வேண்டாம்.

கேட்டவர் (12 நாள் கழிச்சு)

லீவர் குழாய் போட்ட நாலாம் நாளே 7-க்கு 6. கோடு போட்டு வச்சிருக்கேன். அப்புறம்தான் 4-ஐ எடுத்தோம். இன்னைக்குக் காலையில நான் முழங்கையைத் தொட கையை நீட்டுறதுக்குள்ள அவனே தேய்க்க ஆரம்பிச்சுட்டான். 4-ஆம் கட்டத்துல முதல் தடவையா "தானா"ன்னு எழுதினேன்.