கஜா புயலுக்குத் தப்பி நிற்கிற தென்னையை நம்பலாமா, வெட்டிவிடலாமா?

கடைமடைக்காரன் (டிசம்பர் 2018)

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தோப்பு. 25 அடிக்கு ஒன்றாக 140 நெட்டை மரம், எல்லாம் அப்பா வைத்தது. நவம்பர் 16 விடியுமுன் கஜா அடித்ததில் 96 விழுந்துவிட்டன. முதலில் வடக்கேயிருந்து அடித்ததை மரங்கள் ஓரளவு தாங்கின. நடுவில் காற்று ஓய்ந்தது. அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைக்குக் கிளம்பினார், அம்மா நல்லவேளை விடவில்லை. அப்புறம் தெற்கேயிருந்து திருப்பி அடித்ததே, அதில்தான் எல்லாம் போயிற்று.

இன்னும் கரண்ட் வரவில்லை, ஜெனரேட்டர் வாடகைக்குப் பிடித்துத் தொட்டியில் தண்ணீர் ஏற்றுகிறோம். நிற்கிற 44-ல் பன்னிரண்டுக்குக் குருத்து திருகிக்கிடக்கிறது. மூன்று வருஷக் கன்றுகள் கொஞ்சம் சாய்ந்திருக்கின்றன. அப்பா எதையும் அறுக்க விடமாட்டேன் என்கிறார். ஒன்று அத்தை கல்யாணத்தன்று வைத்ததாம், இன்னொன்று கிணற்றடி மரமாம். விழுந்ததை விற்கலாம் என்றால், சும்மா கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் மர வியாபாரி. ஊரெல்லாம் மரம் கிடக்கும்போது அவரையும் குற்றம் சொல்ல முடியாது. திருகிய மரம் பிழைக்குமா? புதிதாக எந்த ரகம் வைப்பது?

முத்துப்பேட்டை விவசாயி

தம்பி, எனக்கும் இதே கதைதான். சாய்ந்த கன்றை நிமிர்த்தி, வேரில் மண் அணைத்து முட்டுக்கொடுங்கள், பிழைத்துவிடும். பெரிய மரத்தில் குருத்தைக் கையால் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்து நாற்றம் அடித்தால் முடிந்தது. பச்சையாக இருந்தால் போர்டோக் கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சாண மருந்து) 1 சதவீதத்தில் குருத்தில் ஊற்றிவிட்டுக் காத்திருங்கள்.

விழுந்ததை மட்டும் கிடக்கவிடாதீர்கள். மட்கிய தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். இன்றைக்கு அப்பா பாசமாக விட்டுவைத்த மரத்தில் பெருகும் வண்டு, நாளைக்கு நிற்கிற 44-இன் குருத்தையும் தின்றுவிடும். இதைச் சொல்லிப் பாருங்கள், கேட்பார்.

அரசாங்கம் மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் அறிவித்திருக்கிறது. வெட்டுமுன் ஒவ்வொரு மரத்தையும் போட்டோ எடுத்து, கணக்கெடுக்க வருபவர் எழுதும்போது கூடவே நின்று எண்ணுங்கள். எங்கள் பக்கம் இரண்டு வரிசையை விட்டுவிட்டு எழுதிப்போய், நான் மூன்று நாள் அலைந்தேன்.

வேளாண் மாணவி

காயம்பட்ட மரத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும், அதனால் மட்டையைத் தண்டோடு ஒட்ட அறுக்காதீர்கள். காண்டாமிருக வண்டுக்கு ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, சின்ன மண்பானைகளில் ஊற்றித் தோப்பில் புதையுங்கள். வாய் தரைமட்டத்துக்கு இருக்க வேண்டும், வாடைக்கு வரும் வண்டு உள்ளே விழுந்துவிடும்.

ரகம் கேட்டீர்கள். நெட்டை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், ஒட்டு ரகம் நான்கு வருஷத்தில் வந்துவிடும், ஆனால் தண்ணீரும் எருவும் நிறையக் கேட்கும். கடைமடையில் கால்வாய்த் தண்ணீரை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்கே தெரியும். என்னைக் கேட்டால் நெட்டைதான், வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.பி.எம் 3 வறட்சி தாங்கும். அதுவரை இடையில் உளுந்து, கடலை, வாழை போட்டு ஓட்டலாம். அடுத்த முறை புயல் எச்சரிக்கை வந்ததும் முற்றிய காயையும் கீழ் மட்டைகளையும் இறக்கிவிடுங்கள், மரத்துக்குத் தலைப்பாரம் குறையும்.

கடைமடைக்காரன் (மார்ச் 2019)

முத்துப்பேட்டை அண்ணன் சொன்ன வண்டுக் கதையை அப்பாவிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே அறுக்கிற ஆளைக் கூட்டிவந்து, கிணற்றடி மரத்தில் ஆரம்பிக்கச் சொன்னார். திருகிய பன்னிரண்டில் ஐந்து புதுக்குருத்து விட்டிருக்கின்றன. பணம் பாதி மரத்துக்குத்தான் வந்திருக்கிறது, மீதிக்கு மனு போட்டிருக்கிறோம்.

நெட்டை வைத்தால் காய் பறிக்கும்போது அப்பாவுக்கு எழுபது வயது. ஒட்டு வைக்கலாமா என்று கேட்டேன். முறைத்தார். நெட்டைக்குத்தான் குழி வெட்டியிருக்கிறோம்.

பானை புதைத்த மறுநாள் பதினோரு வண்டு. அப்பா தினமும் காலையில் எண்ணி, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறார். இப்போது நாளுக்கு மூன்று நான்குதான் விழுகின்றன. வண்டு குறைந்துவிட்டதா, இல்லை புண்ணாக்கின் வாடைதான் போய்விட்டதா? எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்?