எடை மெஷின், டேப்பு, கேம்ப்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்க

பிசிறுவெட்டி (திருப்பூர்)

கேம்ப்னா எப்படின்னு எல்லாருக்கும் தெரியும். கம்பெனியைச் சோதிக்க ஆடிட் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு வேன் வந்து நிக்கும். பிரஷர், சுகர், எடை, உயரம், ரத்தம். எங்க பனியன் கம்பெனிக்கும் வந்துச்சுங்க. நான் டைம் ஆபீஸ், வருகைப் பதிவு பார்க்கற ஆளு, அதனால பேர் எழுதுற வேலை என் தலையில.

செக்கிங்ல இருக்கற பொண்ணு ஏறுச்சு, 38 கிலோ. அதுக்குப் பின்னாடி பவர்டேபிள்ங்கற தையல் மெஷின் ஓட்டற அக்கா, 81. ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒரே உயரம். ரெண்டு பேருக்கும் ரத்தம் கம்மி. ரெண்டு பேருக்கும் ஒரே மஞ்சள் பேப்பர்: 'அரிசி உணவைக் குறைக்கவும். எண்ணெய் தவிர்க்கவும். தினமும் 45 நிமிடம் நடக்கவும்.'

அந்தப் பொண்ணு பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு என்ற டேபிளுக்கு வந்துச்சு. "ஏனுங்ண்ணா, இன்னும் சோத்தைக் கொறைக்கோணுமுங்களா?" காலைல அது வெறும் வயித்தோட வர்றது லைன் முழுக்கத் தெரியும். பத்தரை மணி டீயும் பன்னும்தான் அதுக்கு முதல் சாப்பாடு. டாக்டர்கிட்ட கேளு கண்ணுன்னு அனுப்பினேன், அவர் அதுக்குள்ள வேன்ல ஏறிட்டாரு.

81 கிலோ அக்காவுக்கும் அதே டீ, அதே பன்னுதானுங்க. ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரி வீடு சேர்ந்து என்னத்தை ஆக்கறது? போற வழியில புரோட்டா பார்சல். இதுல 45 நிமிஷம் எப்ப நடக்கறது, எங்க நடக்கறது, அதையும் பேப்பர்லயே போட்டிருக்கலாம்.

தேன்மொழி_தஞ்சை

நான் மக்களைத் தேடி மருத்துவத்துல வேலை பார்க்கறேன். 2021ல ஆரம்பிச்ச திட்டம், வீடு வீடாப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை குடுப்போம். குண்டா இருக்கறவங்க கையை நீட்டிடுவாங்க, அவங்களுக்கே ஒரு பயம் இருக்கு. ஒல்லியா இருக்கறவங்களைப் பிடிக்கறதுதான் பெரிய பாடு.

ஒரு வீட்டுல பெயின்டர் ஒருத்தர், கையும் காலும் குச்சி குச்சியா இருக்கும். "எனக்கெல்லாம் சுகரா? ஒடம்பைப் பார்த்துப் பேசும்மா"ன்னு சிரிச்சாரு. பொண்டாட்டி திட்டினதால விரலை நீட்டினாரு. 340. சாப்பிட்டிருந்தாரு, இருந்தாலும் 340. சட்டையைத் தூக்கச் சொல்லி இடுப்புல டேப்பு வச்சேன், 96 சென்டிமீட்டர். நம்ம ஆளுங்களுக்கு ஆம்பளைன்னா 90, பொம்பளைன்னா 80, அதுக்குள்ள இருக்கணும். எடை போட்டா சரியாத்தான் காட்டும், எல்லாம் வயித்துல இருக்கே! திண்ணையிலேர்ந்து அவங்கம்மா சொல்லுது, "அது தொந்தி இல்லடி, வசதி."

அன்னையிலேர்ந்து அந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்கறதில்ல. அவரு பொண்டாட்டி தெருமுனைக்கு வந்து மாத்திரையை வாங்கி முந்தானைல முடிஞ்சுக்கிட்டுப் போவுது. அவரு முழுங்கறாரா இல்லையா, தெரியல.

சோழன்78

கம்பெனி மேல குறை, கேம்ப் மேல குறை. யாராவது அவங்கவங்க வாயைப் பத்திப் பேசறீங்களா?

என் கதை சின்னது. ஒரு கல்யாணத்துல கூடப் படிச்சவனைப் பார்த்தேன், அடையாளமே தெரியல. பந்தியில பிளாஸ்டிக் நாற்காலி. சாப்பிட்டு எழுந்தான், நாற்காலியும் கூடவே எழுந்துச்சு. ரெண்டு பேர் பிடிச்சு இழுத்தோம். அவன் சிரிச்சான், நாங்களும் சிரிச்சோம். கை கழுவற இடத்துல அவன் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது.

விஷயத்துக்கு வர்றேன். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு'ன்னு சும்மாவா சொன்னாங்க? ராத்திரி ஏழு மணிக்குள்ள சாப்பாட்டை முடிங்க. காலைல கம்மங்கூழ், சின்ன வெங்காயம். வாரத்துல ரெண்டு நாள் கொள்ளு ரசம். பாலிஷ் போட்ட வெள்ளை அரிசியை விட்டுட்டு கைக்குத்தல், வரகு, சாமைக்கு மாறுங்க. சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி. ரேஷன் பாமாயிலைக் கையால தொடாதீங்க, செக்கு எண்ணெய் மட்டும். லிஃப்ட் வேண்டாம், படியேறுங்க. டிவி முன்னாடி உட்கார்ந்து சாப்பிடற பழக்கத்தை விட்டாலே பாதி குறையும். எங்க அப்பா மூணு வேளையும் சோறுதான் சாப்பிட்டாரு, கடைசி வரைக்கும் தொந்தி இல்ல. ஏன்? உழைப்பு. இப்ப இருக்கறது சோம்பேறித்தனம், வேற ஒண்ணும் இல்ல.

மல்லி_மதுரை

@சோழன்78 அண்ணே, ஏழு மணிக்குள்ள சாப்பிடணும்னா அந்த பவர்டேபிள் அக்கா மெஷின் மேல இலை போட்டுத்தான் சாப்பிடணும். மேல எழுதியிருக்கறதைப் படிச்சீங்களா இல்லையா? ரேஷன்ல பாமாயில் லிட்டர் 25 ரூபாய். செக்கு எண்ணெய் என்ன விலைன்னு வீட்டுல கேட்டுப் பாருங்க. கருப்பட்டியும் உள்ள போனா சர்க்கரைதான், தேன்மொழி அக்காவோட பெயின்டருக்கு அதைச் சொல்லிராதீங்க.

சோம்பேறித்தனம்னு சொன்னீங்கள்ல. தேசிய குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுப் பொம்பளைங்க கணக்கு இருக்கு. 2015-16ல உடல் எடை கூடினவங்க 30.9 சதவீதம், 2019-21ல 40.4. அதாவது நூத்துக்கு ஒம்பது பத்துப் பேர் அஞ்சு வருஷத்துக்குள்ள திடீர்னு சோம்பேறி ஆயிட்டாங்களாக்கும்? அதே சர்வேல எடை பத்தாதவங்க 14.6லேர்ந்து 12.6தான் ஆச்சு. இன்னும் எட்டுல ஒருத்தி எலும்பும் தோலுமாத்தான் இருக்கா.

என் கதை: ஷேர் ஆட்டோ. உட்கார்ந்தாச்சு, வண்டி கிளம்பல. டிரைவர் கண்ணாடியில பார்த்துக்கிட்டே, "அக்கா, நீங்க எறங்கிக்கிட்டா ரெண்டு பேரை ஏத்திக்குவேன்." உள்ள இருந்த எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு ஸ்கூல் பிள்ளை மட்டும் சிரிக்காம பையை மடியில வச்சு ஒதுங்கி உட்கார்ந்துச்சு. நான் இறங்கல. ரெண்டு டிக்கெட் காசை அவன் சீட்டு மேல வச்சு, வண்டியை எடுன்னேன். எடுத்தான்.

லாரி_ராசு

குண்டைப் பத்தியே பேசறீங்க. என்ற அண்ணனைப் பத்திச் சொல்றேன். நாமக்கல், லாரி டிரைவர், வடக்கு லைன். ஒவ்வொரு நடை வர்றப்பவும் பெல்ட்டுல ஆணி வச்சு ஒரு ஓட்டை போடுவான். தண்ணி ஜாஸ்தியாயிடுச்சுன்னு வீட்டுல நினைச்சாங்க. ஒரு விசேஷத்துல மச்சினன் முறைக்காரன் முதுகுல தட்டி, "என்ன மாப்ளே, சிக்குன்னு ஆயிட்டே, ஜிம்முக்குப் போறியா?"ன்னு கேட்டான். அண்ணன் இருமிக்கிட்டே சிரிச்சான். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் போக மாட்டேங்குது.

ஜி.எச்.ல மெஷின்ல நிக்க வச்சா 36 கிலோ. ஆளு அஞ்சரை அடி. டி.பி. இப்பல்லாம் சளி டெஸ்ட்டோட விடறதில்லீங்க. எடை, கால் வீக்கம், மூச்சு, யாரும் பிடிக்காம நிக்க முடியுதான்னு எல்லாம் பார்க்கிறாங்க, ரொம்ப மோசம்னா அன்னைக்கே பெட். 2022லேர்ந்து சாவைக் குறைக்கறதுக்குன்னே இப்படி ஒரு திட்டம் நடக்குதாமா. சிஸ்டர் கணுக்காலுக்கு மேல கட்டை விரலை அழுத்தி எடுத்தாங்க. குழி அப்படியே நின்னுச்சு. பிசைஞ்ச மாவு மாதிரி, மேல வரவே இல்ல. எலும்பா இருக்கற ஆளுக்குக் கால் மட்டும் எப்படிங்க வீங்கும்னு கேட்டேன். "சத்து இல்லாமத்தான்"னு சொல்லிட்டு படிவத்துல டிக் போட்டாங்க.

பிழைச்சுட்டான். சாப்பாட்டுச் செலவுக்கு மாசம் 500 அக்கவுண்ட்ல வந்துச்சு, 2024 நவம்பருக்கு அப்புறம் அது 1000 ஆயிடுச்சுன்னு சொல்றாங்க. முட்டை, கடலை உருண்டை, பருப்பு. @சோழன்78 எள்ளும் குடுத்தோம்ங்க, மாத்திரையோட.

சோழன்78

@லாரி_ராசு உங்க அண்ணன் நல்லா இருக்கட்டும், நான் அவரைச் சொல்லல. @மல்லி_மதுரை சர்வேல பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு, 25க்கு மேல இருந்தாத்தான் எடை கூடினவங்கன்னு கணக்கு. நம்மளுக்கு 23லயே உஷாராகணும்னு டாக்டர்களே சொல்றாங்க. அப்படிப் பார்த்தா இன்னும் ஜாஸ்தி வரும், நீங்க என் பக்கம்தான் பேசியிருக்கீங்க. கொள்ளு ரசம் எப்படி வைக்கறதுன்னு நாலு பேர் தனியாக் கேட்டிருக்காங்க, நாளைக்குப் போடறேன். நீங்களும் ஒரு மாசம் குடிச்சுப் பாருங்க.

மல்லி_மதுரை

எனக்குத் தைராய்டு அண்ணே. தினம் காலைல வெறும் வயித்துல மாத்திரை. நான் என்ன சாப்பிடறேன்னு ஒரு தடவைகூடக் கேக்காம ரசம் வரைக்கும் போயிட்டீங்க. பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் ஃப்ரீ, அது எங்க பக்கம் ஒழுங்கா வந்தா ஷேர் ஆட்டோவே வேணாம், அதுக்கு ஏதாச்சும் வழி இருந்தாச் சொல்லுங்க.