ஹாலந்தில் ஒரு நாள் பாய்மரப் பயணம், அப்பாவைக் கூட்டிப்போக வழி சொல்லுங்கள்

நம்புதாளைக்காரன்:
தங்கச்சி மாப்பிள்ளைக்கு ஆம்ஸ்டர்டாமில் வேலை. மே கடைசியில் அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறோம். ஜூன் 14-ல் தடைக்காலம் முடிவதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும், போட்டைக் கடலில் இறக்கணும். அப்பா இன்ஜின் வருவதற்கு முந்தைய ஆள். வத்தையில் மூன்று பாய் கட்டி, காற்று அடிக்கிற பக்கம் நீட்டிய பலகையில் ஏறி உட்கார்ந்து ஓட்டியவர். அங்கே என்ன பார்க்கணும் என்று கேட்டால் "கட்டிடமெல்லாம் எனக்கு எதுக்குடா, பாய் விரிச்சு ஓட்டுறாங்களாமே, அதைக் காட்டு" என்கிறார். மச்சான் போட்டிருக்கும் திட்டம் இது: சின்னப் பாய்ப்படகு வாடகைக்கு எடுத்து, மார்கன், வோலண்டாம், எடாம், ஹோர்ன், என்க்ஹௌசன் என்று ஏரிக்கரை ஊர்கள் எல்லாத்தையும் ஒரே நாளில் நாமே ஓட்டிப் பார்த்துவிடலாம், லைசென்ஸ்கூட வேண்டாம். நம்பலாமா? அம்மாவுக்கு முட்டிவலி வேறு.

ஹோர்ன்வாசி:
அண்ணே, நான் ராமநாதபுரம்தான், கல்யாணமாகி வந்ததிலிருந்து ஹோர்னில் இருக்கிறேன். லைசென்ஸ் விஷயத்தில் உங்கள் மச்சான் சொல்வது சரி. 15 மீட்டருக்குக் குறைவான படகு, மோட்டார் இருந்தாலும் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாது என்றால் இங்கே லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் ஐந்து ஊர் ஒரே நாளில் என்பது பஸ்காரன் போடுகிற திட்டம், பாய்மரத்துக்கு ஒத்துவராது. ஒவ்வொரு துறைமுகத்திலும் பாயை இறக்கி, கயிறு கட்டி, இடம் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும், அப்பாவுக்குப் பாய் ஓடுகிற நேரமே கிடைக்காது.

என் யோசனை, ஹோர்னில் ஏறி என்க்ஹௌசனில் இறங்குங்கள், அவ்வளவுதான். இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று, நம்ம ஊர் கச்சான் மாதிரியே, அதனால் அந்தத் திசையில் போனால் காற்று பின்னாலிருந்து தள்ளும், எதிர்த்து வளைந்து வளைந்து ஏற வேண்டாம். என்க்ஹௌசன் ரயில் நிலையம் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது, இறங்கி அப்படியே ரயில் ஏறலாம். மே கடைசியில் சூரியன் மறையவே இரவு ஒன்பதரை தாண்டிவிடும், அவசரமே இல்லை. சொந்தமாக ஓட்டுவதைவிட பழைய சரக்குக் கப்பல் ஒன்றில் போகலாம். காவி நிறப் பாய், அடிப்பாகம் தட்டை, இரண்டு பக்கமும் பெரிய பலகை தொங்கும். பலகையைத் தண்ணீரில் இறக்கினால் கப்பல் பக்கவாட்டில் நழுவாது, ஆழமில்லாத இடம் வந்தால் தூக்கிக்கொள்ளலாம். ஓட்டுநர் கூடவே வருவார். பெரும்பாலும் குழுவாகத்தான் எடுப்பார்கள், தனி ஆட்களுக்கு ஒருநாள் சீட்டு விற்பவர்களும் உண்டு. பாய் ஏற்றக் கயிறு இழுக்க ஆள் கேட்பார்கள், அப்பாவை முன்னால் விடுங்கள்.

கீழக்கரை மாலுமி:
தம்பி, ராட்டர்டாமுக்குக் கப்பலில் வந்துபோகிறவன் நான். ஏரிதானே என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். ஹோர்னை ஒட்டியிருக்கும் அந்த மார்கர்மேர் ஏரியில் ஆழம் பெரும்பாலும் 2 முதல் 4 மீட்டர்தான், காற்று ஏறினால் அலை குட்டையாகச் செங்குத்தாக எழும்பி அடுத்தடுத்து அறையும். பாக் நீரிணையில் ஓட்டியவருக்கு இது விளக்க வேண்டியதில்லை, மச்சானுக்குத்தான் விளக்கணும். மே மாதம் என்றாலும் தண்ணீரில் குளிரும், லுங்கியோடு கிளம்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்க்ஹௌசன் துறைமுகத்துக்குள் போகுமுன் ஒரு தண்ணீர்ப் பூட்டு வரும், இரண்டு முனையிலும் கதவு வைத்த தொட்டி, உள்ளே தண்ணீர் மட்டத்தை மாற்றிப் படகை அடுத்த பக்கம் விடுவார்கள். 2003-ல் திறந்தது. படகு மேலே தொட்டிக்குள் நிற்கும், கார்கள் அதற்கு அடியில் சாலையில் போகும்! சிவப்பு விளக்கு என்றால் காத்திருக்கணும், பச்சை வந்தால் உள்ளே. கயிற்றைச் சுற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், இறுக்கி முடிச்சுப் போட்டால் தண்ணீர் மட்டம் மாறும்போது படகு தொங்கிவிடும். இங்கே மட்டம் அதிகம் மாறாதுதான், ஆனாலும் பழக்கம் அதுதான்.

பாம்பன் பாலம்:
பாம்பனில் தூக்குப்பாலம் திறக்க நாள் கணக்கில் காத்துக் கிடக்கிற கப்பல்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஹாலந்தில் சின்னப் பாய்ப்படகு வந்தால்கூட ரோட்டை மறித்துப் பாலத்தைத் தூக்குகிறார்களாம். சில ஊர்களில் பாலக்காரர் தூண்டில் கம்பில் மரச்செருப்பு கட்டி இறக்குவார், காசை அதில் போடணும்.

ஆனால் உங்கள் அப்பாவுக்கு இதைவிட ஒரு விஷயம் உறைக்கும். அந்த ஏரி முன்பு சௌடர்சே என்ற கடல். 1932-ல் 32 கிலோமீட்டர் அணை போட்டு வாயை அடைத்தார்கள், உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிட்டது. வெள்ளப் பாதுகாப்பு, விவசாய நிலம் எல்லாம் கிடைத்தது, மறுக்கவில்லை. ஹெர்ரிங்கும் நெத்திலியும் பிடித்துப் பிழைத்த மீனவனுக்குத் தொழில் போனது. அணை முடிவதற்கு முன்பே 1925-ல் நிவாரணச் சட்டம் போட்டார்கள் என்பதையும் சொல்லணும், நம்ம பக்கம் திட்டம் முதலில் வரும், நிவாரணம் மனு எழுதி வாங்கணும். அந்த மீனவர்களின் வீடு, தெரு, புகைபோட்ட மீன் கூடம் எல்லாவற்றையும் என்க்ஹௌசனில் சௌடர்சே அருங்காட்சியகம் என்று திறந்தவெளியில் வைத்திருக்கிறார்கள். வோலண்டாமை விட்டாலும் பரவாயில்லை, அங்கே போங்கள். ஹோர்ன் சதுக்கத்தில் கூன் என்பவருக்குச் சிலை இருக்கிறது. 1621-ல் பண்டா தீவுகளில் சாதிக்காய்க்காக மக்களைக் கொன்று குவித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் அவர். அதே கம்பெனிதான் 1658-ல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது. படம் எடுப்பதற்கு முன் அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நம்புதாளைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. மச்சானிடம் காட்டினேன், முகம் கொஞ்சம் சுருங்கியது, அப்புறம் சரி என்றுவிட்டார். அம்மாவை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கப்பலில் ஏறி இறங்குவது கஷ்டம்.

ஹோர்ன்வாசி:
அம்மாவும் தங்கச்சியும் ஹோர்னில் நீராவி ட்ராம் ஏறட்டும், பழைய வண்டி, மெதுவாக மெடம்பிளிக் வரை போகும். அங்கிருந்து என்க்ஹௌசனுக்கு மோட்டார் கப்பல். உட்கார்ந்தபடியே வரலாம், நீங்கள் வந்து சேருகிற ஊருக்கே அவர்களும் வந்துவிடுவார்கள். எல்லா நாளும் ஓடாது, தேதி பார்த்துச் சீட்டு எடுங்கள். சாப்பாட்டுக்குத் துறைமுகக் கடைகளில் மீன் துண்டுகளை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்கள், நம்ம நாக்குக்குப் பிடிக்கும். வெங்காயம் தூவிய பச்சை ஹெர்ரிங் சாப்பிடணும் என்று மச்சான் அடம்பிடித்தால், புது மீன் ஜூன் நடுவில்தான் வரும், அதற்குள் நீங்கள் கிளம்பியிருப்பீர்கள் என்று சொல்லித் தப்பிக்கலாம்.