உருஷி பூசிய கிண்ணத்துக்குத் தமிழ்ச்சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

குழுவினருக்கு வணக்கம்.

ஜப்பானிய உணவுக்கலங்களைப் பற்றிய ஒரு கண்காட்சிக்கு விளக்கக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அரித்தா பீங்கான் தட்டுகளில் உள்ள நீலச் சித்திரங்கள் பெரிதாகத் தொல்லை தரவில்லை. சுருண்டு படரும் 'கரகுசா' கொடிக்கு நம் சிற்பிகளின் 'கொடிக்கருக்கு' அப்படியே பொருந்திவிட்டது. அரைவட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் 'செய்கைஹா'வை 'அலையடுக்கு' ஆக்கிவிட்டேன். இடறுவது இஷிகாவா மாநிலத்து வாஜிமாவில் செய்த ஒரு மரக்கிண்ணம். உருஷி மரத்தின் பாலைப் பல முறை பூசித் தேய்த்துக் கருப்பு மெருகேற்றி, அதன்மேல் உருஷியாலேயே பைன் கிளையொன்றை வரைந்து, கோடு காயுமுன் பொற்பொடி தூவியிருக்கிறார்கள். 'அரக்குக் கிண்ணம்' என்று எழுதலாமா?

— மொழிபெயர்ப்பாளர், சென்னை

அன்புடையீர்,

எழுத வேண்டாம். அரக்கு பூச்சி சுரப்பது; உருஷி மரத்தில் கீறி எடுப்பது. 10 முதல் 15 ஆண்டு வளர்ந்த மரம் ஒன்று ஒரு பருவத்தில் ஏறத்தாழ 200 கிராம் பால்தான் தரும். பாண்டவர்களின் அரக்கு மாளிகை என்ன ஆயிற்று என்பது நம் வாசகர் அனைவருக்கும் தெரியும். அவர்களிடம் 'அரக்குக் கிண்ணத்தில் கொதிக்கும் மிசோ சாறு பரிமாறுவார்கள்' என்று சொன்னால் கிண்ணம் உருகாதா என்றுதான் கேட்பார்கள். உருஷியோ இறுகிய பின் சூட்டுக்கு அசையாது.

'காயுமுன்' என்று எழுதியதையும் திருத்திக்கொள்ளுங்கள். உருஷி வெயிலில் காய்வதில்லை. 70 முதல் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள பெட்டிக்குள் வைத்தால்தான் இறுகும். மேலும் அது மா, முந்திரி, சேங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேங்கொட்டைச் சாறு பட்டால் தோல் புண்ணாவதைப் போலவே உருஷிப் பால் பட்டாலும் புண்ணாகும். ஆகவே 'சேப்பால்' என்பதை முன்மொழிகிறேன்.

— தாவரவியல் ஆசிரியர், திருநெல்வேலி

பெருமக்களே,

ஆசிரியர் பூச்சியைப் பிடித்துக்கொண்டு சொல்லை விட்டுவிட்டார். அரக்கு என்பதை வடமொழி 'லாக்ஷா'வின் திரிபென்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. அர் என்னும் வேருக்குச் செம்மைப் பொருளுண்டு. அரத்தம், அரக்கு ஆகியவை அவ்வழி வந்தவை. அகநானூற்றின் 14-ஆம் பாட்டு செந்நிலப் பெருவழியை அரக்குக்கு ஒப்பிடுவதும் நிறங்கருதியே. எனவே பூச்சியும் மரமும் பிற்காலத்து அறிவியலின் பாகுபாடு. சிவக்கப் பூசுவது எதுவும் அரக்கே. இவ்வகை மெருகைக் குறிக்கும் 'லாக்கர்' (lacquer) என்னும் ஆங்கிலச் சொல்லே அரக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து கிளைத்ததுதானே? உலகம் ஏற்ற வழக்கைத் தமிழ் மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

ஐயா அவர்களுக்கு,

வேர்ச்சொல் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் குறிப்பில் உள்ள கிண்ணம் கருப்பு. உருஷிக்குத் தன்னளவில் சிவப்பு கிடையாது. மரத்திலிருந்து வடியும்போது பால்வெள்ளையாக இருந்து காற்றுப் பட்டதும் பழுப்பாகிறது. இங்குலிகம் என்னும் செந்நிறக் கனிமப்பொடி கலந்தால் சிவப்பு, இரும்பு சேர்த்தால் கருப்பு. செம்மையிலிருந்து பிறந்த சொல்லைக் கருங்கிண்ணத்தின் மேல் ஒட்டுவது எப்படி?

பூச்சை விட்டுக் கலத்தைப் பார்ப்போமே. ஜப்பானியர் 'வான்' என்று ஒரே ஒலியில் சொல்லும் கிண்ணத்தை இரண்டு எழுத்துகளில் எழுதுகிறார்கள்: மரத்தாலானதற்கு மரக்குறி சேர்ந்த எழுத்து, பீங்கானுக்குக் கல்குறி சேர்ந்த எழுத்து. தமிழிலும் அந்த வேறுபாடு உண்டு. எங்கள் ஆச்சி பீங்கானை மங்கு என்பார். பர்மாவிலிருந்து வந்த, மெருகு பூசிய மரப்பாத்திரங்களை மரவை என்பார். அந்தப் பர்மா மெருகும் ஒரு மரத்தின் பாலே. அந்த மரமும் ஆசிரியர் சொன்ன முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அடித்தட்டில் ஒன்று இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. விளிம்பு மழுங்கியும் மெருகு போகவில்லை. சொல் கையில் இருக்கும்போது ஏன் புதிதாகப் படைக்க வேண்டும்?

— காரைக்குடி

அன்பர்களே,

மரவை அழகான சொல். ஆனால் சென்னைப் பள்ளி மாணவர் எத்தனை பேருக்கு விளங்கும்? பூச்சுக்கு வந்தால், மூலப்பெயரையே வைத்துக்கொள்ளலாம். கிரந்தம் கூடாதென்பவர்கள் அதை 'உருசி' என்று எழுதச் சொல்வார்கள். உணவுக்கிண்ணத்தின் கீழ் 'உருசிக் கிண்ணம்' என்று அச்சிட்டால் சுவையைப் பற்றிய குறிப்பென்றே படிப்பார்கள். இந்த ஓரிடத்திலாவது ஷகரத்தை மன்னியுங்கள். பொற்பொடிச் சித்திரத்துக்குப் 'பொன்தூவல்' போதும். அதன் ஜப்பானியப் பெயரான 'மகிஎ' என்பதன் நேர்ப்பொருளும் தூவிய ஓவியந்தான்.

— கோவை

குழுவினருக்கு,

நேரமாகிவிட்டதால் முடிவு செய்துவிட்டேன். தலைப்பில் 'உருஷிப் பால் பூசிய மரவை', அதன் கீழ்ச் சிறிய எழுத்தில் 'மெருகேற்றிய மரக்கிண்ணம், பொன்தூவல் வேலைப்பாடு'. 'பொற்பொடி தூவினர்' என்ற வரியில் 'இறுகுமுன்' என்று திருத்திவிட்டேன். சேப்பாலுக்கு இருவரே ஆதரவு தந்தார்கள்; சேங்கொட்டையையே அறியாத வாசகருக்கு அது உதவாது என்று விட்டுவிட்டேன். ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.

— மொழிபெயர்ப்பாளர்

மொழிபெயர்ப்பாளருக்கு,

அச்சானது ஆகட்டும். மரவைக்கு மறுப்பில்லை. ஆயினும் கிரந்த எழுத்துக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். அர் வேரைப் பற்றி இன்னும் நான்கு சான்றுகள் உள்ளன. ஞாயிற்றுக்கிழமை தனி மடலில் அனுப்புகிறேன்.

— தஞ்சாவூர்