சென்ட்ஓஎஸ் 7-லிருந்து டெபியன் 12-க்கு மெயில் சர்வர்: பழைய மெயில் கலையாமல் மாற்றுவது எப்படி?

கேள்வி

வணக்கம். கோவையில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கணினி வேலை முழுக்க நான் ஒருவன்தான் பார்க்கிறேன். எங்கள் மெயில் சர்வர் இன்னும் சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸிலேயே ஓடுகிறது. 2024 ஜூன் 30-உடன் அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது நின்றுவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு இரவும் எனக்கு அது உறுத்தல்தான்.

மெயிலை வாங்கி அனுப்பப் போஸ்ட்ஃபிக்ஸ் 2.10, பெட்டிகளைப் பயனர்களுக்குத் திறந்து காட்ட டவ்காட் 2.2, பயனர் பட்டியல் மரியாடிபி என்ற தரவுதளத்தில். 64 பெட்டிகள், மெயில்டிர் அமைப்பு (ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு), மொத்தம் 310 ஜிபி. பாதிப் பேர் ஐமேப், அதாவது மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிப்பவர்கள். பஞ்சுக் கொள்முதலும் கணக்குப் பிரிவும் பாப்3 (மெயிலைத் தங்கள் கணினிக்கு இறக்கிக்கொள்வது), சர்வரில் ஒரு நகலை விட்டுவைக்கிற முறையில். சில பெட்டிகளில் 2011 முதல் மெயில் இருக்கிறது. வங்கியோடும் வெளிநாட்டு வாங்குபவர்களோடும் நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாம் அதில்தான்.

மாற நினைப்பது டெபியன் என்ற லினக்ஸுக்கு. அதன் 13-ஆம் பதிப்பில் டவ்காட் 2.4, அமைப்புக் கோப்பு எழுதும் முறையே மாறிவிட்டது. அதனால் இப்போதைக்கு 12 போதும் என்று நினைக்கிறேன். ஒரு சனிக்கிழமை இரவில் முடித்துவிட முடியுமா? நடுவில் வரும் மெயில் தொலையுமா?

பதில் 1

தம்பி, 2019-இல் இதே வேலையில் நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மெயில் கோப்புகள் வந்தால் போதும் என்று ஒவ்வொரு பெட்டியிலும் 'கர்', 'நியூ' என்ற இரண்டு அடைவுகளை மட்டும் எடுத்துப் போனேன். பக்கத்திலேயே இருந்த 'டவ்காட்-யுஐடிலிஸ்ட்' என்ற சின்னக் கோப்பை விட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலை கணக்குப் பிரிவு அம்மா ஒருவருக்குப் பதினோராயிரம் பழைய மெயில் மறுபடி இறங்கியது. அன்று வந்த ஒரு டெண்டர் கடிதம் அந்தக் குவியலில் புதைந்து, சாயங்காலம்தான் கண்ணில் பட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக அழித்துக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்றும் மறக்கவில்லை.

காரணம் இதுதான். டவ்காட் ஒவ்வொரு மெயிலுக்கும் ஓர் எண் கொடுத்து அந்தக் கோப்பில் குறித்து வைக்கிறது. பெட்டிக்கும் தனியாக ஓர் அடையாள எண் உண்டு. அவுட்லுக்கோ தண்டர்பேர்டோ இவற்றைப் பார்த்துத்தான் 'இதை ஏற்கெனவே எடுத்தாயிற்று' என்று தெரிந்துகொள்ளும். கோப்பு போனால் எல்லா மெயிலும் புது மெயில்தான். ஆகவே பெட்டி அடைவை எதையும் விடாமல் முழுசாக எடுங்கள். பாப்3-இல் மெயிலை அடையாளம் காட்டும் 'யுஐடிஎல்' எண்ணின் வடிவம் பழைய சர்வரில் என்னவோ, புதியதிலும் அதுவே இருக்க வேண்டும்.

310 ஜிபி என்றால் ஒரே இரவை நம்பாதீர்கள். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாரத்தின் நடுவில் ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி) ஒரு தடவை. சனிக்கிழமை இரவு இரண்டு பக்கமும் சேவைகளை நிறுத்திவிட்டு மறுபடி ஒரு தடவை. மாறியது மட்டும்தான் போகும். பயனர் எண்களைப் பெயரால் பொருத்தாமல் எண்ணாகவே கொண்டுபோகச் சொல்லுங்கள். பெட்டிகளுக்கு உரிமையாளரான 'விமெயில்' பயனருக்கு அங்கே 5000 என்றால் இங்கேயும் 5000. ஆனால் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் பயனர்கள் வேறு கதை: சென்ட்ஓஎஸ்ஸில் 89, 97 என்று நிலையாக இருக்கும், டெபியன் தன் விருப்பப்படி கொடுக்கும். அதனால் போஸ்ட்ஃபிக்ஸின் வரிசை அடைவை (அனுப்பக் காத்திருக்கும் மெயில் இருக்கும் இடம்) தூக்கிவர வேண்டாம். பழைய இடத்திலேயே அனுப்பித் தீர்த்துவிடுங்கள்.

மெயில் தொலையாது. உங்கள் சர்வர் பதில் சொல்லவில்லை என்றால் அனுப்பும் பக்கம் வைத்திருந்து திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வரை முயலும். டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் பதிவு) டிடிஎல்லை, அதாவது பழைய பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, இரண்டு நாள் முன்பே 300 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். மாற்றிய பிறகும் பழைய சர்வரை அணைக்காதீர்கள். வழி தவறி அங்கே வரும் மெயிலைப் புதியதற்குத் தள்ளிவிடும்படி ஒரு வாரம் நிற்கட்டும்.

பதில் 2

அண்ணன் சொன்னதோடு, டெபியன் பக்கம் நான் தடுக்கி விழுந்த இடங்கள். சென்ட்ஓஎஸ்ஸில் டவ்காட் என்று ஒரே மென்பொருள் பொதியில் ஐமேப்பும் பாப்3-ம் வந்துவிடும். டெபியனில் ஐமேப்டி, பாப்3டி, சீவ் (மெயில் வடிகட்டி), மைசீக்வல் (தரவுதள இணைப்பு) எல்லாம் தனித்தனிப் பொதி. பாப்3-ஐ நிறுவ மறந்தால் உங்கள் கொள்முதல் பிரிவு அப்படியே நின்றுவிடும்.

டெபியன் 12-இல் போஸ்ட்ஃபிக்ஸின் பெரும்பாலான சேவைகள் தன் வரிசை அடைவுக்குள்ளேயே, சிறைக்குள் இருப்பதுபோல ஓடும். வெளியே உள்ள தரவுதள சாக்கெட் (தரவுதளத்தோடு பேசும் வாசல் கோப்பு) அதன் கண்ணுக்குத் தெரியாது. 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதியிருந்தால் அந்தச் சாக்கெட்டைத்தான் தேடும். அதை 127.0.0.1 என்று மாற்றுங்கள், அல்லது சிறைக்கு வெளியே ஓடும் 'ப்ராக்ஸி:மைசீக்வல்' வழியாகப் போங்கள். இதற்கு நான் ஒரு ராத்திரி முழுக்கச் செலவழித்தேன். புதிதாக நிறுவிய டெபியன் 12-இல் பதிவுகளைக் கோப்பில் எழுதும் ஆர்சிஸ்லாக் இருக்காது. அதைப் போடும்வரை 'மெயில்.லாக்' கோப்பைத் தேடாமல் கணினியின் சொந்தப் பதிவேடான ஜர்னலில் பாருங்கள்.

பதில் 3

ஐபி மாறுகிறதா? மாறினால் தலைகீழ் டிஎன்எஸ் பதிவை (ஐபியிலிருந்து பெயரைக் காட்டுவது) இணைய நிறுவனத்திடம் இப்போதே கேட்டு வாங்குங்கள், எஸ்பிஎஃப்பில் (உங்கள் பெயரில் மெயில் அனுப்ப உரிமை உள்ள முகவரிகளின் பட்டியல்) பழைய, புதிய இரண்டு முகவரியும் இருக்கட்டும், டிகிம் சாவியை (மெயிலில் கையொப்பம் இடுவது) அப்படியே எடுத்துப் போங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதிலெல்லாம் கறாராக இருக்கிறது. முடிந்தால் அதே ஐபியைப் புதிய சர்வருக்குக் கொடுத்துவிடுவது உத்தமம்.

கேட்டவர்

அண்ணா, முடித்துவிட்டேன். ஐபியை மாற்றவில்லை, பழைய சர்வரை உள் முகவரியோடு ஓரமாக வைத்திருக்கிறேன். முதல் ஆர்சிங்க்குக்கு ஒன்றரை நாள், சனிக்கிழமை இரவு இரண்டாவதுக்கு 40 நிமிடம்.

ஞாயிற்றுக்கிழமையே ஆலைக்கு வந்து கணக்குப் பிரிவின் ஒரு கணினியைத் திறந்து பார்த்தேன். இறங்கியது 3 மெயில், மூன்றும் அன்று வந்தவை. அந்த இடத்தில்தான் மூச்சு வந்தது.

இரண்டு சிக்கல் மிஞ்சியது. விண்டோஸ் 7-இல் இருந்த ஒரு பழைய அவுட்லுக் டிஎல்எஸ் 1.0 என்ற பழைய குறியாக்க முறையில்தான் பேசும், டெபியன் 12 அதை ஏற்கவில்லை. சர்வரைத் தளர்த்த மனம் வராமல் அந்தக் கணினியை மாற்றிவிட்டோம். தரக்கட்டுப்பாட்டு அறை ஸ்கேனர் கடவுச்சொல் இல்லாமல் 25-ஆம் போர்ட்டில் வெளி முகவரிக்கு அனுப்புவது. கடவுச்சொல் இல்லாமல் அனுப்ப அனுமதிக்கும் முகவரிகளைக் குறிக்கும் பழைய 'மைநெட்வொர்க்ஸ்' வரியில் அதன் முகவரி இருந்ததை நான் புதியதில் எழுத விட்டுவிட்டேன். திங்கள் பத்து மணிக்கு அங்கிருந்து போன் வந்தது, பத்தே காலுக்குச் சரியாகிவிட்டது.