மறு: டி.எல்.வி. என்பதற்குத் தமிழில் என்ன?

> 'பாதுகாப்பான வெளிப்பாட்டு அளவு' என்றே வைத்துவிடலாமே? படித்ததும் புரிகிறது.

புரிகிறது ஐயா, ஆனால் தப்பாகப் புரிகிறது. டி.எல்.வி. ('த்ரெஷோல்ட் லிமிட் வேல்யூ') என்பது பணியிடக் காற்றில் இருக்கும் ரசாயனம் தொழிலாளி மேல் எவ்வளவு வரை படலாம் என்று சொல்லும் எண். 'வெளிப்பாடு' என்றால் ஆலையில் இருப்பவருக்குப் புகைபோக்கி வழியாக வெளியே போவதுதான் நினைவுக்கு வரும். நாம் சொல்ல வருவதோ உள்ளே நிற்கும் தொழிலாளி மேல் படுவதை. வெயில் படுகிறது, புகை படுகிறது என்கிறோமே, அந்தப் 'படுதல்' போதும்.

'பாதுகாப்பான' என்பதுதான் பெரிய வில்லங்கம். இந்த எண்களை வெளியிடும் அமெரிக்காவின் தொழிற்சுகாதார நிபுணர் அமைப்பான ஏ.சி.ஜி.ஐ.ஹெச்.சே, இவை பாதுகாப்புக்கும் ஆபத்துக்கும் நடுவே கிழித்த கோடு அல்ல என்கிறது. தினமும் பட்டாலும் ஏறக்குறைய எல்லாத் தொழிலாளருக்கும் கெடுதல் வராது என்று கருதும் அளவு, அவ்வளவுதான். அந்த 'ஏறக்குறைய'வில் விடுபட்டவர்களும் அதே பட்டறையில்தான் நிற்கிறார்கள். எண்ணும் நிலையாக இருப்பதில்லை: 1946இல் பென்சீன் என்ற கரைப்பானுக்கு அந்த அமைப்பு வைத்தது 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு. 1987இல் அமெரிக்கச் சட்டம் வைத்த வரம்பு 1 பிபிஎம். இடையில் பென்சீன் பட்டு ரத்தப் புற்றுநோய் வந்தவர்களிடம் போய் 'பாதுகாப்பான அளவு' என்று சொல்ல முடியுமா?

ஆகவே என் பரிந்துரை 'படுதல் வரம்பு'. அதன் மூன்று வகைகளுக்கு: எட்டு மணி நேரச் சராசரிக்குப் 'பணிநேர வரம்பு', 15 நிமிடத்துக்கானதற்குக் 'கால்மணி வரம்பு', ஒரு நொடிகூடத் தாண்டக் கூடாததற்கு 'உச்சவரம்பு'. கடைசிச் சொல் நிலச் சட்டத்தில் ஏற்கெனவே புழங்குவது.

எட்டு மணி நேரச் சராசரி இருக்கும்போது கால்மணி வரம்பு தனியாக எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அம்மோனியாவுக்குப் பணிநேர வரம்பு 25 பிபிஎம், கால்மணி வரம்பு 35 பிபிஎம். குளிரூட்ட அம்மோனியா பயன்படும் ஐஸ் ஆலையில் ஒருவர் நாலு மணி நேரம் 40 பிபிஎம்மிலும் மீதி நாலு மணி நேரம் 5 பிபிஎம்மிலும் வேலை செய்தால் சராசரி 22.5. கணக்குப்படி எல்லாம் சரி! காலை முழுக்கக் கண் எரிந்தது மட்டும் கணக்கில் வராது. அதைப் பிடிக்கத்தான் கால்மணி வரம்பு.

'த்ரெஷோல்ட்' எங்கே என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். தெரிந்தேதான் விட்டேன். 'த்ரெஷோல்ட்' என்றால் கெடுதல் தொடங்கும் அளவு; அதற்குக் கீழே கெடுதல் இல்லை என்று பொருள். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் பலவற்றுக்கு அப்படி ஒரு தொடக்க அளவு உண்டா என்பதே இன்னும் தீராத வழக்கு.