பேட்சைச் சேவ் செய்தேன், ஓசை திரும்பவில்லை: உங்களுக்கும் நடந்ததா?

பெட்டிகளை இணைத்து ஓசை உண்டாக்கும் மென்பொருளான ப்யூர் டேட்டாவில் மூன்று மாதமாக ஒரு ட்ரோன் பேட்ச் (நீண்டு ஒலிக்கும் ஓசைக்கான பெட்டி அமைப்பு) கட்டி வந்தேன். ஓசையை உண்டாக்க நான்கு ஆசிலேட்டர், அதை வடிகட்ட ஒரு ஃபில்டர், எதிரொலிக்க ஒரு டிலே, மொத்தம் 22 ஸ்லைடர். ஒருநாள் நள்ளிரவுக்கு மேல், அத்தனை நாள் தேடிய ஓசை கைக்கு வந்தது. சேவ் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் திறந்தால் எல்லா ஸ்லைடரும் பூஜ்யத்தில் நிற்கின்றன. கோப்பு கெட்டுவிட்டதோ என்று டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பார்த்தேன். பெட்டிகளும் இணைப்புகளும் வரி வரியாக அப்படியே இருந்தன.

ஸ்லைடரின் ப்ராப்பர்ட்டீஸில் 'இனிட்' என்ற ஒன்று உண்டு. அதை இயக்கினால்தான், சேவ் செய்தபோது இருந்த மதிப்பு மறுபடி திறக்கும்போது வெளியே வரும். எனக்குத் தெரியாமல் போயிற்று. சாதாரண நம்பர் பாக்ஸில் அதுவும் கிடையாது. பேட்ச் திறந்ததும் தானே தூண்டும் லோட்பேங்கை ஒரு மெசேஜ் பாக்ஸில் இணைத்து நாமே மதிப்பை அனுப்ப வேண்டும்.

டிலே 370 மில்லிசெகண்ட் என்பது மட்டும் நினைவில் இருக்கிறது. அந்த ஓசை போனது இன்னும் மனசு ஆறவில்லை.

* * *

படிக்கவே வருத்தமாக இருக்கிறது. எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. வரிகளைக் கோப்பில் எழுதிப் படிக்கும் டெக்ஸ்ட்ஃபைல் ஆப்ஜெக்டில் 'கட்ஆஃப் 820' என்பதுபோல் வரிக்கு ஒரு பெயரும் எண்ணுமாக எழுதி வைத்தேன். திரும்பப் படிக்கும்போது ரூட் என்ற பெட்டி பெயரைப் பார்த்துப் பிரித்து அந்தந்த ஸ்லைடருக்கு அனுப்பும். எல்லா ஸ்லைடரும் சரியான இடத்துக்கு வந்து நின்றன, ஓசை மட்டும் பழையபடியே. ஒரு மாலை முழுக்க ஃபில்டரைச் சந்தேகப்பட்டேன். ஸ்லைடருக்கு எண்ணை 'செட்' சேர்த்து அனுப்பியிருக்கிறேன்! செட் ஸ்லைடரை நகர்த்துமே தவிர, மதிப்பை வெளியே விடாது. அதை எடுத்துவிட்டு வெறும் எண்ணாக அனுப்பினேன், சரியாகிவிட்டது.

* * *

வரிசையையும் கவனியுங்கள், தயவுசெய்து. என் கோப்பில் முதல் வரியே வால்யூம். ஃபீட்பேக் (டிலேயின் ஓசை மறுபடி அதற்குள்ளேயே போகும் அளவு) பழைய உச்சத்தில் இருக்கும்போதே வால்யூம் ஏறிவிட்டது. ஹெட்ஃபோன் காதில் இருந்தது. அன்று முழுக்க காதில் இரைச்சல். இப்போது முதலில் வால்யூமைப் பூஜ்யமாக்கி, மற்ற எல்லாம் வந்தபின், மதிப்பைச் சீராக நகர்த்தும் லைன்-டில்டா வழியாக அரை விநாடியில் ஏற்றுகிறேன்.

ஒரே அப்ஸ்ட்ராக்‌ஷனை (தனிக் கோப்பாக வைத்து வேறு பேட்சுக்குள் பயன்படுத்தும் பேட்ச்) மூன்று இடத்தில் வைப்பவர்களுக்கு இனிட் உதவாது. அது அப்ஸ்ட்ராக்‌ஷனின் சொந்தக் கோப்பில் போய் உட்காருவதால் மூன்றும் ஒரே மதிப்போடுதான் திறக்கும். 2018இல் 0.49 பதிப்போடு வந்த சேவ்ஸ்டேட் என்ற பெட்டி இதற்கென்றே இருக்கிறது. தாய் பேட்சைச் சேவ் செய்யும்போது சேவ்ஸ்டேட்டின் வலது அவுட்லெட்டில் ஒரு பேங் (தூண்டும் செய்தி) வரும். அந்த நொடியில் மதிப்புகளை லிஸ்ட்டாக உள்ளே கொடுக்க வேண்டும். அடுத்த முறை திறந்தால் அதே லிஸ்ட் இடது பக்கம் வெளியே வரும். மூன்றுக்கும் தனித்தனி நினைவு, எல்லாம் தாய் பேட்சுக்குள்ளேயே. மேக்ஸ் என்ற இதேபோன்ற மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் இதே வேலைக்கு ஆட்டோபேட்டர், பேட்டர்ஸ்டோரேஜ் இரண்டையும் பாருங்கள்.

* * *

முதலில் எழுதியவன்தான். எல்லாருக்கும் நன்றி. 22 ஸ்லைடரிலும் இனிட் போட்டாயிற்று, வால்யூம் கடைசியில்தான் ஏறுகிறது. டிலேயை 370இல் நிறுத்தி, தினம் ஒரு மணி நேரம் அந்த ஓசையைத் தேடுகிறேன். நேற்று ஃபில்டர் 800ஐத் தாண்டியபோது ஒரு கணம் அதன் சாயல் கேட்டது. உடனே சேவ் செய்தேன்.